துப்பாக்கிச் சத்தம் இருக்கும் இடம்

நேற்றைய நாடக ஒத்திகையில் நாயகி துப்பாக்கி விசையை அழுத்தினாள், சத்தம் வரவில்லை. சாக வேண்டிய வில்லன், சாவதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் இயக்குநர் ஒலி அறைக்கு வந்தார். "நாளைக்கும் இப்படின்னா, நீங்க வீட்லயே இருந்துக்கலாம்மா."

ஒலி அறையில் உட்கார்ந்திருந்தது அக்கா. நாடகத்தின் ஒலிகளை இயக்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்தது தம்பி.

தம்பி அரங்குக்கு வந்து பார்த்ததும் தவறு பிடிபட்டது. தன் விண்டோஸ் கணினியில் ஒலிக்கோப்பு இருந்த பாதையை, டி டிரைவில் தொடங்கி, முழுசாக எழுதியிருந்தான். அரங்கின் லினக்ஸ் கணினியில் டி டிரைவ் என்று ஒன்றே கிடையாது. 'இங்கிருந்து ஒலிகள் ஃபோல்டருக்குள்' என்று பாதையைச் சுருக்கினான். பாதையில் ஃபோல்டர் பெயர்களைப் பிரிக்கும் சாய்கோட்டையும் லினக்ஸுக்கு ஏற்றபடி திருப்பிப் போட்டான். துப்பாக்கி வெடித்தது.

இன்று நாடகத்தின் இடைவேளையில் கணினி உறைந்துவிட்டது. அக்கா அதை அணைத்துப் போட்டு, திரையிலிருந்த மென்பொருளின் ஐகானைத் தட்டினாள். எல்லா ஒலிகளும் சிவப்பாக நின்றன: கோப்பு இல்லை. மேடையில் திரை விலகிக்கொண்டிருந்தது.

தம்பியைப் போனில் அழைத்துக் கிசுகிசுத்தாள். "டேய், மறுபடியும் காணோம்டா."

"நேத்து வெடிச்சுதே! எப்படித் திறந்த?"

"ஐகானைத் தட்டி."

"போச்சு. நேத்து நான் மென்பொருள் இருக்கற ஃபோல்டர்ல நின்னு திறந்தேன். எங்க நின்னு திறக்கறோமோ, அதுதான் அதுக்கு 'இங்க'."

"இப்ப உன் 'இங்க' எங்கடா? அவ துப்பாக்கிய எடுத்துட்டா."

"சிவப்பு வரிக்குக் கீழ எங்க தேடினேன்னு சொல்லும். படி."

"ஹோம்னு இருக்கு."

"ஒலிகள் ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணி அந்த ஹோம் ஃபோல்டர்ல போடு. அது நம்மளத் தேடி வராது, நாமதான் தூக்கிட்டுப் போகணும்."

நாயகி சுடுவதற்கு முந்தைய கடைசி வசனத்தில் இருந்தாள். முன்வரிசையிலிருந்து இயக்குநர் திரும்பி ஒலி அறையைப் பார்த்தார். நகலெடுக்கும் பச்சைக் கோடு பாதியில் ஊர்ந்தது. துப்பாக்கி உயர்ந்தது. கோடு நிறைந்ததும் அக்கா பட்டியலைப் புதுப்பித்தாள், சிவப்பு மறைந்தது. நாயகியின் விரல் மடங்கும்போதே இவள் விரலும் இறங்கியது.

அரங்கு அதிர்ந்தது. இயக்குநர் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செத்துட்டானாக்கா?" என்றது போன்.

"செத்துட்டான்." மூச்சு வந்தபின் சொன்னாள்: "நாளைக்கு நேர்ல வந்து ஒழுங்கா எழுதிக் குடு. எங்க நின்னு திறந்தாலும் அவன் சாகணும்."