ஒரு ஆளுக்கு ஒரு ஃபைல்

மருத்துவமனையின் பணியாளர் பிரிவில் அவளுக்குக் 'கத்தரி' என்று பெயர். ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பழைய ஃபைலைத் தேடச் சோம்பல்பட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்துவிடும் புண்ணியவான்கள் எந்த அலுவலகத்தில்தான் இல்லை? பிறந்த தேதி, அப்பா பெயர், முகவரி மூன்றும் பொருந்தினால் போதும், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, மிஞ்சிய அட்டையைக் கத்தரித்துப் போட்ட பிறகுதான் டீ குடிப்பாள்.

அன்று காலை, சலவைப் பிரிவுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். பணி நிரந்தரமாகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லையாம். சாயங்காலம் பட்டியல் மேலே போய்விடும். இதை விட்டால் மறுபடி எப்போதோ, யாருக்குத் தெரியும்?

கத்தரி கணினியில் பார்த்தாள். "நீங்கதான் ஏற்கெனவே பெர்மனென்ட் ஆயிட்டீங்களேம்மா."

"அது எங்க அக்கா. நாங்க ரெட்டைப் பிள்ளைங்க."

கத்தரி மறுபடி திரையைப் பார்த்தாள். போன வாரம்தான் அந்த இரண்டு ஃபைலையும் ஒன்றாக்கியிருந்தாள். ஃபோட்டோவில் முகமும் ஒன்றாக இருக்கவே, ஒன்று பள்ளிப் பெயர், மற்றது வீட்டுப் பெயர் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டாள். கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

அதிகாரியிடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டாள். சலவைப் பிரிவில்கூட அவர்களைச் சேர்த்துப் பார்த்தவர் இல்லை. ஒருத்தி பகல் ஷிப்ட், மற்றவள் இரவு ஷிப்ட். அதனால் இருவரும் ஒன்றாக வந்து நின்றால்தான் கையெழுத்து என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் வீட்டில் அம்மா படுத்த படுக்கை. யாராவது ஒருத்தி பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஷிப்ட் பிரிந்ததே அதனால்தான்; ஒருத்தி வந்ததும் மற்றவள் கிளம்பிவிடுவாள்.

"நான் போய் உக்காந்துக்கறேன்," என்றாள் கத்தரி.

கலந்துபோன காகிதங்களைப் பிரித்து, புது அட்டை போட்டு, தங்கையின் கையில் கொடுத்துவிட்டு கத்தரி அவர்கள் வீட்டுக்குப் போனாள். அக்கா கிளம்பியதும் கட்டிலருகே உட்கார்ந்து, கிழவியிடம் நடந்ததைச் சொன்னாள்.

கிழவி சிரித்தாள். "சின்னதுல ஒருத்திக்கே ரெண்டு தடவை ஊட்டிட்டு, இன்னொருத்தியை அழவிட்டிருக்கேன். பெத்தவளுக்கே குழம்பிச்சு. நீ என்ன பண்ணுவே, விடு."

அந்த வார்த்தையில் கத்தரிக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்தபோது இருவரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டாரும்மா," என்றாள் தங்கை.

கிழவி பக்கத்துக்கு ஒருத்தியாக இரண்டு பேரையும் இழுத்து உட்காரவைத்து, மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்படிச் சேர்த்துப் பார்த்து எத்தனை காலமாயிற்றோ.

கத்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரே மாதிரி இரண்டு இருப்பதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை.