மூன்றாம் நம்பர் சூடு

என் மனைவி ஆனந்தவள்ளியின் கால் சூடு என் மருமகளின் செல்போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட கதை இது. நான் போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவன். ஸ்டேஷன் வாசலில் எத்தனையோ மாமியார் மருமகள் சண்டைகளைத் தீர்த்து வைத்திருக்கிறேன். மாமியார் கால் ஒரு பக்கம், மருமகள் விரல் ஒரு பக்கம் என்று ஒரு கேஸ் வந்ததே இல்லை. வந்தது என் வீட்டிலேயே வந்தது.

குற்றாலம் சீசனுக்கு ஐந்தருவியில் பழக்கடை போடுவது எங்கள் வழக்கம். ரம்புட்டான், மங்குஸ்தான், முட்டைப்பழம் எல்லாம் கிடைக்கும். கடை என்றால் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும்தான். சாரல் மேலேயிருந்து விழுந்தால் தார்ப்பாய் தடுக்கும், அது பக்கவாட்டில்தானே வரும்? வெளியூர்க்காரர்கள் குளித்துவிட்டுப் பல் தந்தியடிக்க வந்து, "என்ன கிளைமேட்டு சார், கொடுத்து வச்சவங்க நீங்க!" என்பார்கள். காலையிலிருந்து இருட்டும் வரை ஈரத் தரையில் நின்று பார்த்தால் தெரியும், என்ன கொடுத்து வைத்திருக்கிறோம் என்று.

"காலு ஐஸா இருக்குலே. மரத்து மரத்துப் போவுது" என்று ஆனந்தவள்ளி போனில் மகனிடம் சொல்லியிருக்கிறாள். மகன் விஜய்பாண்டி ராணுவத்தில் இருக்கிறான், லடாக் பக்கம். குளிர் என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனி மாதம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு ஜோடி ஷூ, ஷூவுக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி கறுப்பு சோல். தடவிப் பார்த்தால் சாதாரண மெத்தைதான். ஆனால் அதற்குள் பேட்டரி இருக்கிறது. செல்போனைப் போலவே சார்ஜ் போட வேண்டும். அப்புறம் செல்போனில் ஒரு ஆப்பைத் திறந்து தொட்டால் கால் சூடாகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று நம்பர். ஒன்று இதமான சூடு, மூன்று பனிமலைக்கு.

ஆனந்தவள்ளிக்கு முன்னால் நான்தான் அதைப் போட்டுப் பார்த்தேன். அளவு சின்னது, என் குதிகால் வெளியே நின்றது. இருந்தாலும் ஒன்றாம் நம்பரிலேயே உள்ளங்காலில் வெயில் அடித்தது. நான் சொக்கிப்போய்விட்டேன். சர்வீஸில் இருக்கும்போது மெயின் அருவியில் பந்தோபஸ்து நிற்போம். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப் போகும். அந்த எரிச்சலில் வழி கேட்டவர்களிடமெல்லாம் வள்ளென்று விழுந்திருக்கிறேன். இந்தச் சோல் அன்றைக்கு இருந்திருந்தால் குற்றாலத்திலேயே நல்ல போலீஸ்காரன் என்று பெயர் வாங்கியிருப்பேன். இதைக் கண்டுபிடித்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆனந்தவள்ளியிடம் இருப்பது பட்டன் போன். என் போனில் குட்மார்னிங் படங்கள் நிரம்பி வழிந்து, ஆப் ஏற இடமில்லை. கடைசியில் அது மருமகள் ஆவுடைத்தாயின் போனில் போய் ஏறியது. ஆனந்தவள்ளியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஆவுடை இலத்தூர்ப் பெண். போன ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. புருஷன் மலையில் இருப்பதால் அவள் எங்களோடு தென்காசி வீட்டில் இருந்தாள், எங்களோடுதான் கடைக்கும் வருவாள். அதிகம் பேசமாட்டாள். ஆனந்தவள்ளிக்கு அவள்மேல் நேரான கோபம் எதுவும் கிடையாது, எல்லாம் அவள் அப்பா மேல்தான். கல்யாணத்தன்று அந்த மனுஷன் செருப்புக் காலோடு மணவறை ஏறிவிட்டார். தாரை வார்க்கும்போதுகூடக் கழற்றவில்லை. சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். அதோடு விட்டாரா? மகளைப் பார்க்க வந்தாலும் படியோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார், உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார்.

"நம்ம வீட்டுத் தரை என்ன அவரு காலக் கடிச்சிருமா?" என்று ஒவ்வொரு தடவையும் ஆனந்தவள்ளி கேட்பாள். ஆவுடையின் காதில் விழும்படிதான் கேட்பாள்.

சேலையும் ஷூவுமாக ஆனந்தவள்ளி கடையில் நின்ற முதல் நாள், பக்கத்தில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் அஃப்சல் எட்டிப் பார்த்தான்.

"என்ன ஆச்சி, மிலிட்டரில சேந்தாச்சா?"

"ஆமாலே, மொதல்ல ஒன்னத்தான் சுடப் போறேன்" என்றாள்.

அன்றைக்கெல்லாம் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பழம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் காலை நீட்டிக் காட்டினாள். "எம்புள்ள லடாக்லேருந்து அனுப்புன சூடு. கதகதன்னு இருக்கு" என்றாள். மகன் அனுப்பியது என்பதற்காகவே அப்படிச் சொன்னாள் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆவுடையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காற்று திரும்பிச் சாரல் உள்ளே அடிக்கத் தொடங்கினால் யாரும் சொல்லாமலே அவள் விரல் போனைத் தொடும். வெயில் எட்டிப் பார்த்தால் குறைத்துவிடுவாள். என் மனைவியின் காலை என் மனைவியைவிட அந்தப் பெண் நன்றாகக் கவனித்தாள். நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அன்று சோறு கிடைத்திருக்காது.

ஒரு வாரம் போயிருக்கும். "ஏட்டி, கூட்டு" என்று ஆனந்தவள்ளி தொடங்கினாள்.

"கூட்டிட்டேன் அத்தே. மூணுல இருக்கு."

"எங்கன மூணு? சூட்டையே காணும். போனச் சும்மா தடவிக்கிட்டு என்னய ஏமாத்துதா."

நான் ஆவுடையின் போனை வாங்கிப் பார்த்தேன். மூன்றில்தான் இருந்தது. மிஷின் கோளாறாக இருக்கும் என்றேன். ஆனந்தவள்ளி கேட்கவில்லை. ராத்திரி மகனுக்குப் போன் போட்டு, "ஒம்பொண்டாட்டி நான் வெறச்சுச் சாவட்டும்னு பாக்கா" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். அவன் ஆவுடையைக் கூப்பிட்டு என்ன சொன்னானோ, அவள் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. மனைவி, மகன், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அந்தச் சோல், யாரையும் நான் விடவில்லை. ஆனால் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அருவியில் கூட்டம் அலைமோதியது, மழையும் சேர்ந்துகொண்டது. காலையிலிருந்தே ஆவுடை போனைப் பார்க்கவில்லை, மாமியாரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மூணுல வை."

"மூணுலதான் இருக்கு அத்தே."

"இன்னுங் கூட்டு."

ஆவுடை போனை எடுத்தாள். சூட்டை மொத்தமாக அணைத்தாள். "இனி வைக்கமாட்டேன்" என்றாள்.

ஆனந்தவள்ளி போட்ட சத்தத்தில் பழம் வாங்க நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். செருப்புக்கால் வம்சம் என்றாள். என் புள்ள தலையெழுத்து என்றாள். அஃப்சல் கரண்டியும் கையுமாக வந்து நின்றுவிட்டான். ஆவுடை ஈரத் தரையில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, மாமியாரின் ஷூவைக் கழற்றி உள்ளே கையை விட்டாள். விட்ட வேகத்தில் வெளியே இழுத்து உதறினாள்.

"மாமா, கைய வச்சுப் பாருங்க."

வைத்தேன். இட்லிச் சட்டி மூடியைத் தொட்டதுபோல் இருந்தது. பிறகுதான் ஆனந்தவள்ளியின் உள்ளங்காலைப் பார்த்தேன். சிவந்து கிடந்தது. குதிகாலில் ஒரு கொப்புளம் எழும்பி, உடைந்து, தோல் உரிந்து தொங்கியது. இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் இவள் இன்னும் சூடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தே, கொஞ்சம் கண்ண மூடுங்க. நான் எந்த வெரலத் தொடுதேன்னு சொல்லுங்க."

"என்ன வெளையாட்டுட்டி இது?"

"வள்ளி, மூடு" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆவுடை மாமியாரின் ஐந்து விரல்களையும் சேர்த்துக் கைக்குள் பிடித்தாள். துணி பிழிகிறவள்போல இறுக்கினாள். அவள் விரல் முட்டி வெளுத்தது.

ஆனந்தவள்ளி கண்ணை மூடியபடியே நின்றாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவள் பொறுமை இழந்து, "தொடுதேன்னியே, தொடேன்ட்டி. எவ்வளவு நேரம் நிக்க?" என்றாள்.

அவள் கண்ணைத் திறந்தாள். குனிந்து மருமகளின் கையைப் பார்த்தாள், அதற்குள் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள்.

"ஏங்க," என்று என் தோளைப் பிடித்தாள். "என் காலு எங்கன போச்சுங்க?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

ஆவுடைதான் பேசினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். "சக்கர, மாமா. எங்க அப்பாவுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது. காலு குளிருதுன்னாவ. வெந்நி வாளில கால வச்சுக்கிட்டு, சூடே இல்ல, இன்னும் ஊத்துன்னாவ. அம்மையும் ஊத்துனா. ரெண்டு வெரல எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுலேருந்து வெறுங்காலா ஒரு எட்டு வைக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மணவறைல செருப்போட நின்னது அதுக்குத்தான். வெளிய சொன்னா கல்யாணம் நின்னுரும்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டோம். இப்ப சொல்லுதேன். என்னய என்ன வேணும்னாலும் சொல்லுங்க அத்தே, மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க."

துணிச்சல் என்றால் கத்திக்கு முன்னால் போய் நிற்பது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். தன் பிறந்த வீட்டு மானத்தைத் தானே அவிழ்த்து, தன்னைத் திட்டித் தீர்த்தவளின் காலடியில் வைத்தாளே, அதற்கு என்ன பெயர் வைப்பது? மெடல் கொடுக்கிற அதிகாரம் எனக்கு இருந்திருந்தால் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழேயே குத்தியிருப்பேன்.

கடையை அஃப்சலிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் தென்காசிக்குப் போனோம். ஆனந்தவள்ளி அதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத பெருமைக்காரி. சர்க்கரை எகிறிக் கிடந்தது. எத்தனை காலமாக இருந்ததோ! குளிர் என்று அவள் நினைத்தது குளிரே இல்லை, நரம்பு செத்துக்கொண்டிருந்தது. சூடு வைக்கவே கூடாத கால் அது என்றார் டாக்டர். இன்னும் சில நாள் மூன்றாம் நம்பரிலேயே நின்றிருந்தால் புண் உள்ளே இறங்கியிருக்கும், காலை எடுக்கும் பேச்சு வந்திருக்கும் என்றார். "யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆனந்தவள்ளி, "எம்மருமவ" என்றாள்.

அன்றைக்கே அவள் மகனுக்குப் போன் போட்டாள். "ஏலே, அவ கிட்ட மன்னிப்புக் கேளு. எனக்குஞ் சேத்துக் கேட்டுரு" என்று சொல்லிவிட்டு டப்பென்று வைத்துவிட்டாள்.

புண் ஆறச் சீசன் முடியப்போகும் வரை ஆனது. அதன்பிறகு நாற்காலி போட்டு, காலைப் பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தாள். நின்று வியாபாரம் பார்த்தது ஆவுடை. சோல் இப்போது அவள் ஷூவில். சாரல் உள்ளே அடித்தால் நாற்காலியிலிருந்து உத்தரவு வரும்.

"ஏட்டி, குளிருதுல்லா, ரெண்டுல வை. மூணு வேண்டாம், சொல்லிட்டேன்."

அந்தச் சோல்மேல் யாரும் குறை சொல்ல நான் விடமாட்டேன். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அதனால்தான் கால் தன் வேலையைச் செய்யவில்லை என்பது தெரிந்தது.

ஐப்பசியில் விஜய்பாண்டி லீவில் வந்தான். மாப்பிள்ளையைப் பார்க்க இலத்தூரிலிருந்து சம்பந்தி வந்தார். பையைக் கொடுத்துவிட்டு வழக்கம்போலப் படியில் நின்றுகொண்டார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி, இப்படியே பாத்துட்டுக் கெளம்புதேன்" என்றார் என்னிடம்.

உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் வந்தது. எங்கள் வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்பது அந்த வருஷம்தான் தொடங்கியிருந்தது. ஆனந்தவள்ளி வாசல்வரை வந்தாள். அவர் காலைப் பார்த்தாள். பிறகு சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கித் தன் மெத்தைச் செருப்பை அவருக்குக் காட்டினாள்.

"உள்ள வாங்க அண்ணாச்சி, செருப்போடயே வாங்க. நானும் இப்டித்தான் நடக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஒரு காலை நிலைப்படிக்கு மேல் தூக்கி வைத்தார், அப்புறம் அடுத்ததை. ஆவுடை அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அங்கன நின்னு அழுதுக்கிட்டு இருக்காத" என்றாள் ஆனந்தவள்ளி. "காப்பி போடு. எனக்கும் ஒங்க அப்பாவுக்கும் சீனி வேண்டாம்."