முதல் சிப்பி

ஒரு காலத்தில் நீதிமன்றமாக இருந்த கட்டடம் அது. இப்போது அங்கே வேகவைக்காத பச்சைச் சிப்பியும் காக்டெயிலும் விற்கிறோம். நீதிபதி உட்கார்ந்த மேடையில் நான் நின்று எலுமிச்சை பிழிவேன். பக்கத்துச் சாட்சிக் கூண்டில் என் ஓரகத்தி சிப்பி திறப்பாள். கூண்டை இடிக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. பெரிய இடத்து ஆட்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம். எடுத்துத் தொலைக்கட்டும்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, எலியும் பூனையும். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அதைத் தினமும் சொல்லிக் காட்டுகிறவளும் அவள்தான்.

ஆனால் சிப்பி விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கூடை வந்தால் முதல் சிப்பியை அவள் திறந்து, முகர்ந்து, தானே தின்று பார்க்க வேண்டும். அவள் தலையாட்டிய பிறகுதான் மற்றவை மேசைக்குப் போகும். முதலாளி வேறு யாரையும் நம்ப மாட்டார்.

போன மாதக் காய்ச்சலில் அவளுக்கு மோப்பமே போய்விட்டது. பால் அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாடை வந்தபோது, அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிதானமாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கத்தத்தான் போனேன். அவள் திரும்பிய முகத்தைப் பார்த்ததும் நானே அடுப்பை அணைத்தேன்.

"வெளிய சொல்லிடாதடி. திரும்பி வந்துடும்னு டாக்டர் சொல்றார். அதுவரைக்கும் நீ மோந்து பாத்துச் சொல்லு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மாட்டேன் என்றிருக்கலாம். ஆனால் அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று முதல் அவள் திறக்கும் ஒவ்வொரு தட்டும் முதலில் என் பக்கம் நகரும். எதையோ தேடுவதுபோலக் குனிந்து முகர்ந்துவிட்டு, நல்லதென்றால் ஒரு இருமல் இருமுவேன்.

"இப்படி இருமினா வர்றவங்க சிப்பிக்குப் பதிலா கஷாயம் கேப்பாங்க," என்று சர்வர் கேலி செய்தான்.

நேற்று மாலை நான் ஐஸ் எடுக்கக் கீழே போயிருந்தபோது, பெரிய கூட்டம் ஒன்று சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. நான் மேலே வரும்போது முதலாளி வாசலில் நின்றபடியே, "என்னம்மா, புதுக் கூடை எப்படி?" என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்காகக் காத்திருக்க அவளால் முடியவில்லை. முதல் சிப்பியைத் தின்றுவிட்டுத் தலையாட்டினாள்.

"அருமையா இருக்கு."

கூண்டுக்குப் பக்கத்தில் போனதும் நாற்றம் மூக்கில் அடித்தது. அவள் கையிலிருந்த வெற்று ஓட்டிலிருந்துதான் வந்தது.

"ஐயோ, கூடை கெட்டுப்போச்சு," என்று உரக்கவே சொல்லிவிட்டேன்.

முதலாளி வந்தார். ஓட்டை வாங்கி முகர்ந்தார்.

"இதைத் தின்னுட்டா அருமைன்னீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு மோப்பம் போய் ஒரு மாசமாச்சு. மறைச்சது நான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"உனக்குத் தெரியாதாம்மா?" என்று முதலாளி என்னிடம் கேட்டார்.

வீட்டில் அவள் பேசிய ஒரு பேச்சைக்கூடப் பதில் சொல்லாமல் விட்டவள் இல்லை நான். இப்போது உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். வீட்டில் எரிகிற அந்த ஒரே அடுப்பை நினைத்தேன்.

"தெரியாதுங்க," என்றேன்.

கூடையைக் கொட்டச் சொன்னார் முதலாளி. நாளை முதல் அவள் வர வேண்டாம் என்றார். திட்டக்கூட இல்லை. முந்தின நாள் வந்து மீந்திருந்த நல்ல சிப்பிகளை என்னைத் திறக்கச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

அவள் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டி, வாரை இறுக்கிக் கட்டினாள்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போக்கா. வயித்துக்குள்ள போயிருக்கு," என்றேன்.

அவள் நகரவில்லை. அந்த ஓட்டை எடுத்து மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெஜமாவே அவ்வளவு நாறுதாடி?"

"ஆமாக்கா."

அவள் இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள்.