நற்சான்று பெற்ற பொய்

என் புத்தகத்தைத் திறந்தால் முதலில் நான் இருக்க மாட்டேன். ஹாஸ்கின்ஸ் துரை இருப்பார். "கெசியா டல் என்னும் இந்தக் கறுப்பினப் பெண்ணை மூன்றாண்டுகளாக அறிவேன். இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை" என்று நற்சான்று கொடுத்து, கீழே கோழி கிளறியதுபோல் ஒரு கையெழுத்து. அடிமையாகக் கிடந்தவள் தன் கதையை எழுதினால், அது நிஜம்தான் என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்ன பிறகே பிலடெல்பியாவில் அச்சேறும். துரை பிறந்ததிலிருந்து ஒரு புகையிலைச் செடியைக்கூடக் கண்ணால் பார்த்தவரில்லை. நான் வர்ஜீனியாவில் நடை பழகிய நாள் முதல் அந்தச் செடியில் புழு பொறுக்கியவள். என் வாழ்க்கைக்குச் சாட்சி அவராம்! நல்ல கூத்து.

போகட்டும். அவர் சான்று சொன்ன புத்தகத்தில் ஒரு பொய் இருக்கிறது. தெரிந்தேதான் எழுதினேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது அது. எஜமானியம்மாள் பிரசங்கியாருக்கென்று எடுத்து வைத்திருந்த பீச் பழ ஜாமை, ஆறு வயதான என் தம்பி ஏனோக் கரண்டி போட்டு ஜாடி காலியாகும்வரை தின்றான் என்று எழுதியிருக்கிறேன். தின்றது நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. காலடிச் சத்தம் கேட்டதும், தூங்கிக்கொண்டிருந்தவன் வாயில் மிச்சத்தை ஈஷிவிட்டுப் பக்கத்திலேயே கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். குதிரைச் சவுக்கால் அவனுக்கு ஏழு அடி விழுந்தது. ஏழையும் மூடிய கண்ணோடு எண்ணினேன், பாவி.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவன் ஓயவில்லை. சமையல்காரியிடம், கழுதையிடம், கோழிகளிடம்கூட "நான் திங்கல" என்று வழக்காடினான். நான்காவது வாரம் அடிமை வியாபாரியின் வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. வண்டியிலிருந்தும் அதையேதான் கத்தினான். நான் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

வடக்கு தெற்குச் சண்டை முடிந்து விடுதலை வந்ததும் எல்லாரையும்போல நானும் தேடினேன். எங்கள் கோயில்களில் ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்ததும் காணாமல் போனவர்களின் பெயர்களைப் பத்திரிகையிலிருந்து வாசிப்பார்கள். அவன் பெயரை நான்கு முறை கொடுத்தேன். பதிலே இல்லை. எப்படி வரும்? வாங்கியவன் வேறு பெயர் வைத்திருப்பான். ஆறு வயதுக் குழந்தைக்கு ஊர் தெரியுமா, எஜமான் பெயர் தெரியுமா? ஆனால் ஜாம் மறக்காது. அன்பாகக் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காமல் போகலாம். பழி போட்டால் கல்லறையிலிருந்தாலும் எழுந்து வந்து சண்டை போடுவான். அதற்காகத்தான் இந்தப் புத்தகம்.

துரைக்கு அந்த அத்தியாயம் பிடிக்கவில்லை.

"கெசியா, இது என்ன சின்னப்பிள்ளைத்தனம்? ஜாமைத் திருடுறதும் சிரிக்கிறதும்! அடிமைங்க எல்லாம் திருடங்கன்னு எதிராளிங்க சொல்ல மாட்டாங்களா?"

"பீச்சைப் பறிச்சது எங்கம்மா. அடுப்புச் சூட்டுல வெந்து கிண்டினதும் எங்கம்மா. இதுல திருடன் யாருங்கய்யா?"

துரை தொண்டையைச் செருமினார். "சரி, இருக்கட்டும். ஏழு அடின்னு எழுதியிருக்கியே, எழுபதுன்னு போட்டுடலாமா? படிக்கிறவங்க மனசு உருகும்."

"ஆறு வயசுப் பிள்ளை எழுபது தாங்குமா? ஏழுக்கே எட்டு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தான். ஏழுல உருகாத மனசு எழுபதுலயா உருகப் போகுது?"

"அப்போ அத்தியாயத்தையே எடுத்துடு."

"எடுத்துடுறேன். கூடவே அந்த நாலாவது அத்தியாயத்தையும் எடுத்துடுறேன். ஏலம் விட்ட கதை. நீங்க ரெண்டு தடவை அழுதீங்களே, அது."

மனிதர் அரண்டுபோனார். இரண்டும் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் வந்த இரண்டாம் மாதமே பிலடெல்பியாவில் ஒரு தம்பி முளைத்தான். நல்ல கோட்டு, கண்ணில் தயாராக வைத்திருந்த தண்ணீர். "அக்கா! நான்தான் ஏனோக். அந்த ஜாமைத் தின்னது தப்புதான், என்னை மன்னிச்சிடு" என்று காலில் விழுந்தான்.

"எழுந்திருப்பா," என்றேன். "என் தம்பின்னா சாகுற வரைக்கும் ஒத்துக்க மாட்டான். போய் வேற அக்காவைப் பாரு."

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். தூண்டில் போட்டவளுக்கு இதுவாவது சிக்கியதே என்று சிரிக்க வரவில்லை. ஏனோக் செத்தே போயிருந்தால்? அப்போது அந்தப் பொய் அச்சிலேயே நின்றுவிடும். சவுக்கடியும் வாங்கி, திருட்டுப் பட்டமும் வாங்கியவனாக அவன் காலத்துக்கும் கிடப்பான். இரண்டுமே நான் கொடுத்தது.

அக்டோபரில் பால்டிமோர் கோயிலில் வாசிப்பு. துரை வழக்கம்போல முன்னால் நின்று, வரிக்கு வரி தாம் சோதித்துவிட்டதாகச் சொல்லி அமர்ந்தார். நான் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்தேன். கரண்டி ஜாடியின் அடியைச் சுரண்டும் இடம்.

"பொய்!"

கூட்டம் திரும்பியது. நடு வரிசையில் ஓர் ஆள் எழுந்து நின்றான். கப்பல் இடுக்குகளில் தார் அடைக்கிறவன். கையெல்லாம் கறுப்புப் பிசுக்கு.

"பச்சைப் பொய்! எங்க பட்டறையில இதைப் படிச்சுக் காட்டினாங்க. மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல. நான் திங்கல!"

துரை வெள்ளைக்காரர்தான். அப்போது இன்னும் வெளுத்தார். "உட்காருப்பா, உட்காரு. இது சான்று கொடுத்த புத்தகம்."

"சான்று கொடுத்த நீங்க அங்க இருந்தீங்களா? நான் இருந்தேன்! கரண்டியாம் கரண்டி! ஏது கரண்டி? கண்ணு முழிக்கிறேன், வாயெல்லாம் ஜாம், காதுக்குள்ளயும் ஜாம்! அன்னைக்கே கேட்டேன், இன்னைக்கும் கேக்கிறேன். எந்தப் பயலாவது காதால ஜாம் சாப்பிடுவானா?"

கோயிலே சிரித்தது. அந்தக் காதை நான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை, எவரிடமும் சொன்னதுமில்லை. இருட்டில் என் கை தவறி அங்கே பட்டது. அந்தக் காதுக்குச் சொந்தக்காரனைத் தவிர எவன் இன்னும் அதை நினைவில் வைத்திருப்பான்?

புத்தகத்தை மூடி வைத்தேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அவன் திங்கல. நான்தான் தின்னேன். தின்னுட்டு, தூங்குற பிள்ளை வாயில பூசினேன். அவன் அடி வாங்கும்போது வாயைத் திறக்கல. ஏனோக், நான்தான்டா!"

சிரிப்பு நின்றது. துரை கைக்குட்டையை எடுத்தார். அவன் அசையாமல் என்னையே பார்த்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு மெதுவாக உட்கார்ந்து, தார்க் கைகளை மடியில் கட்டிக்கொண்டான்.

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலக்கா," என்றான். "இன்னொரு தடவை சொல்லு."