லிடோவ் வாக்குப்பெட்டியின் இரு கைப்பிடிகள்

லிடோவ் ஊரில் அந்த நவம்பரில் விழுந்த வாக்குகள் இன்னும் எண்ணப்படவில்லை, ஏனென்றால் அவை இருக்கும் பெட்டியை யாராலும் தூக்க முடியவில்லை. பெரிய பெட்டி ஒன்றும் இல்லை. நீலச் சாயம் பூசிய தகரப் பெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடி, உள்ளே வெறும் காகிதம். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் கட்டிய தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில், சமையலறைக்குப் போகும் வழியில், வைத்த இடத்திலேயே இருக்கிறது. அந்த வாரம் நெப்ராஸ்காவில் சோளம் புஷலுக்கு மூன்றரை டாலர் போனது, முதல் பனி வழக்கத்தைவிடச் சற்று முன்னால் பெய்தது, பெட்டி நகர மறுத்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

தேர்தல் முடிந்ததும் பெட்டியை மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுபோக யானைச் சின்னக் கட்சிக்கு ஒருவர், கழுதைச் சின்னக் கட்சிக்கு ஒருவர் வேண்டும் என்பது விதி. இருவரும் ஆளுக்கொரு கைப்பிடி பிடித்து, ஒரே காரில் ஏற்றி, வழியில் ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சந்தேகத்தில் பிறந்த விதிதான். ஆனால் ஆர்டித் குச்செராவுக்கும் லவோன் பெட்ஸ்காவுக்கும் அது தேர்தலுக்குத் தேர்தல் கிடைக்கிற உல்லாசப் பயணமாக இருந்தது. ஆர்டித்தின் வீடு தாத்தா காலத்திலிருந்தே யானைக் கட்சி. லவோனின் அப்பா ரயில்வேத் தொழிற்சங்கத்தில் இருந்தவர், பால் மறக்கும் முன்பே பிள்ளைகளைக் கழுதைக் கட்சியில் சேர்த்துவிட்டவர். இருவரும் ஒரே பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, “உன் யானை அசைஞ்சு வர்றதுக்குள்ள விடிஞ்சிரும், சீக்கிரம் வாடி” என்பாள் லவோன். “என் யானையாவது வந்து சேரும். உன் கழுதை நடுரோட்டுல உட்காந்துக்கிட்டு நியாயம் பேசும்” என்பாள் ஆர்டித். திரும்பும் வழியில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் ஆளுக்கொரு துண்டு செர்ரி பை வாங்கித் தின்றுவிட்டு, எந்தக் கட்சி ஜெயித்தது என்று கேட்க மறந்து வீடு வந்த ஆண்டுகளும் உண்டு.

பிறகு பன்றி இறைச்சி ஆலை கை மாறியது. புது முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள், ஊர்க்காரர்கள் விலகினார்கள், அந்த இடத்துக்குக் குவாத்தமாலாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆர்டித்தின் கணவன் மெர்ல் வேலையை விட்டு வந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்தான். அப்புறம் நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்தான். அந்த வீட்டில் பகல் முழுக்க ஒரு சேனல் ஓடியது, லவோன் வீட்டில் இன்னொன்று ஓடியது. இரண்டுமே பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் பேசின. ஆர்டித் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பாத்திரம் கழுவும்போது கேட்பதும் உள்ளே எங்கேயோ போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு முடிதிருத்தும் கடையில், தலைமேல் கவிழ்த்த முடி உலர்த்தியை ஆர்டித் அணைத்த நேரத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து லவோனின் குரல் கேட்டது. “மெர்லைப் பாரு. மூக்குல ட்யூப மாட்டிக்கிட்டு, மருத்துவ உதவிய வெட்டி அந்த ட்யூபப் பிடுங்குறேங்கிறவனுக்கே ஓட்டுப் போடப் போறான். அந்த முட்டாள யாரு காப்பாத்துறது, சொல்லு?” கடையே சிரித்தது. ஆர்டித் சத்தமில்லாமல் உலர்த்தியை மறுபடி போட்டுக்கொண்டாள். அவளைச் சுட்டது அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை. மெர்லின் குழாயைக் கழுவி மாட்டும்போது அதே கேள்வி அவள் மனதிலும் ஒருநாள் வந்திருந்தது. தன் வீட்டுக்குள் பூட்டி வைத்த நினைப்பை இன்னொருத்தி எடுத்து ஊருக்குக் காட்டிவிட்டாள் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

லவோனின் மருமகன் பெயர் எலிசியோ. குவாத்தமாலாவிலிருந்து வந்து, ஆலையில் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். ஒரு ஜனவரியில் ஆர்டித் வீட்டைச் சூடாக்கும் உலை நின்றுபோனபோது, மெர்லைப் போர்வையில் சுற்றி உட்கார வைத்துவிட்டு உலையைச் சரிசெய்து, கூலி வாங்காமல் போனவன். தன் ஊர் வழக்கப்படி “தோன்யா ஆர்டித்” என்று மரியாதையாகக் கூப்பிடுவான். தேர்தலுக்கு முந்திய கோடையில்தான் அவனுக்குக் குடியுரிமை கிடைத்தது. லவோன் வீட்டுத் தோட்டத்தில் விருந்து நடந்தது. கசகசா வைத்த கொலாச்சி ரொட்டிகளை ஆர்டித் தட்டு நிறையச் சுட்டுக்கொண்டு போய், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கொடி குத்தி வைத்தாள். வெள்ளைச் சட்டையில் நின்ற எலிசியோவைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள்.

அதே வெள்ளைச் சட்டையில்தான் அவன் முதல் வாக்கைப் போட வந்தான், இடுப்பில் சின்ன மகளோடு. வரிசை நீளமாக இருந்தது. அவனுக்குப் பின்னால் மெர்லின் பழைய ஆலைத் தோழர்கள் நின்றார்கள். வாக்காளர் பட்டியலோடு மேசையில் உட்கார்ந்திருந்தவள் ஆர்டித். குடியுரிமையில் சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள் என்று கட்சிக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அதுவரை ஆர்டித் யாரையும் கேட்கவில்லை. ஊரின் பழைய செக் குடும்பங்களான நோவாக்குகளையும் ஹாவ்லிக்குகளையும் முகத்தைப் பார்த்தே அனுப்பிவிட்டாள். மேசையின் மறுகோடியில் வாக்குச்சீட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த லவோன் மருமகனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆர்டித்தின் காதில் முடிதிருத்தும் கடைச் சிரிப்பு கேட்டது.

“நீங்க இந்த நாட்டுக் குடிமகன்தானா?” என்றாள்.

எலிசியோ முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள். இப்படிச் சந்தேகம் எழுப்பினால் வாக்காளர் கையை உயர்த்திச் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்பது விதி. எலிசியோ மகளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை உயர்த்தினான். “ஏம்பா கை தூக்குற? டீச்சர் கேள்வி கேட்டாங்களா?” என்றது குழந்தை. “ஆமாடா கண்ணு” என்றான். சத்தியம் செய்தான், வாக்களித்தான், சீட்டைப் பெட்டியில் போட்டான். போகும்போது, “நன்றி மேடம்” என்றான். அந்த மேடம் ஆர்டித்தின் மார்பில் எலும்பு போலச் சிக்கிக்கொண்டது. கேள்வியை அவள் லவோனை நோக்கித்தான் எறிந்தாள். அது போய்ப் பட்ட இடம் வேறு.

வாக்குப்பதிவு முடிந்தது. இருவரும் வார்த்தை பேசாமல் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தார்கள். பெட்டி வரவில்லை.

ஷெரிஃப் ஆட்கள் வந்தார்கள். பள்ளிக் கால்பந்துக் குழு வந்தது. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தபோது சங்கிலி அறுந்து ஜன்னல் உடைந்தது. பூட்டில் சாவி திரும்பியது, ஆனால் மூடியும் அதே பாரமாக இருந்ததால் திறக்க வழியில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வந்து, கழுதைக் கட்சி கல் வைத்துவிட்டது என்று ஒரு சேனலிலும், யானைக் கட்சி தரையோடு பற்றவைத்துவிட்டது என்று இன்னொன்றிலும் சொல்லிவிட்டு, பனி அதிகமானதும் போனார்கள். லிடோவ் வாக்குகள் இல்லாமலேயே முடிவு அறிவிக்கப்பட்டது. யாருடைய வெற்றியும் அதனால் மாறவில்லை. ஜெயித்த கட்சிக்காரர்கள் கோபமாக இருந்தார்கள், தோற்ற கட்சிக்காரர்களும் கோபமாக இருந்தார்கள். மெர்லின் மருந்து விலை ஏறியது.

வசந்தத்தில் பாதிரியார் கினாக் இருவரையும் தனித்தனியாகக் கெஞ்சி, கூடத்துக்கு வரவழைத்தார். ஊரில் பாதி படிக்கட்டில் நின்று பார்த்தது. இருவரும் குனிந்தார்கள். லவோன் பக்கத்துக் கைப்பிடி கோழி இறகு போல எழும்பியது. ஆர்டித் பக்கம் அசையவே இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். ஆர்டித்துக்குக் காது மடல் வரை சூடேறியது.

“நான் விதிப்படிதான் கேட்டேன்” என்றாள்.

“அவன் புள்ளைக்குத் தொட்டில் துணி தைச்சுக் கொடுத்தவ நீ” என்றாள் லவோன். “அவன் யாருன்னு உனக்குத் தெரியாதா? விதியாம், பெரிய விதி.” தன் பக்கத்தை இறக்கி வைத்துவிட்டுப் படியேறிப் போனாள்.

அந்த ஆண்டே எலிசியோவும் அவன் மனைவியான லவோனின் மகள் ஜெனெல்லும் கான்சஸுக்குக் குடிபோனார்கள். இரண்டு குளிர்காலம் தனியாக இருந்து பார்த்த லவோனும் வீட்டை விற்றுவிட்டு அவர்களிடம் போனாள். ஊர் வேறு பிளாஸ்டிக் பெட்டிகளில் வாக்களித்தது. அவை தூக்க மிக லேசாக இருந்தன, ஆனால் தூக்க வந்த இருவர் பேசிக்கொண்டதை யாரும் கேட்டதில்லை. நீலப் பெட்டிமேல் மேசைவிரிப்பைப் போட்டுக் காபிப் பாத்திரத்தை வைத்தார்கள். ஆர்டித் தேர்தல் வேலையை விட்டுவிட்டாள், கட்சியை விடவில்லை. விட்டால் மெர்லைத் தனியாக விட்டதாகும் என்று நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அதே சின்னத்துக்கு வாக்குப் போட்டுவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்து, எஞ்சினைப் போடாமல் வெகுநேரம் இருந்தாள்.

மெர்ல் இறந்தபோது லவோன் வந்தாள். அடக்கம் முடிந்து, ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் தின்று ஊர் கலைந்த பிறகு, கூடத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு இருவரும் மிஞ்சினார்கள். சமையலறையில் பாதிரியாரின் தங்கை பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். முடிதிருத்தும் கடையில் கேட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆர்டித் பல ஆண்டுகள் ஒத்திகை பார்த்திருந்தாள். அதைச் சொன்னால் தன் குற்றம் பாதியாகும். வாயருகே வந்ததை விழுங்கினாள். பாதியாக்கிச் சொல்வது சொல்லாமல் இருப்பதைவிட மோசம் என்று தோன்றியது.

“எனக்கு அவனைத் தெரியும், லவோன்” என்றாள். “விருந்துல கட்டிப்பிடிச்சேன். குடிமகன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன். அசிங்கப்படட்டும்னு கேட்டேன்.”

லவோன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “நானும் மெர்ல் பத்திக் கடையில பேசக்கூடாததப் பேசியிருக்கேன்” என்றாள்.

“தெரியும்.”

“தெரியுமா? எப்ப இருந்து?”

“அது விடு.”

லவோன் காபிப் பாத்திரத்தை இறக்கினாள், விரிப்பை உருவினாள். “வா” என்றாள். இருவரும் முழங்கால் வலியோடு குனிந்தார்கள். ஆர்டித் பக்கம் எழும்பியது, உள்ளே காகிதம்கூட இல்லாதது போல. ஆர்டித் வாய்விட்டு அழுதாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். லவோனின் பக்கம் தரையிலேயே இருந்தது. லவோன் இரண்டு கையாலும் இழுத்தாள். கழுத்து நரம்பு புடைக்க, கறுப்பு உடுப்பின் தையல் பிரிய இழுத்தாள்.

“நான் மனசாரத்தான் தூக்குறேன், ஆர்டித். சாமி சத்தியமா மனசாரத்தான். வர மாட்டேங்குது.”

“மெதுவா. அவசரம் இல்லடி.”

“பால் வாங்கப் போனாக்கூட எலிசியோ, யாராவது கேட்டா காட்டணும்னு, பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப்பையில வச்சுக்கிட்டுதான் போறான். நான் ஒவ்வொரு நாளும் அதப் பாக்குறேன். அதப் பாத்துட்டு வந்து இதத் தூக்குன்னா எப்படிடி வரும்?” லவோன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்குத் தூக்கணும்னு ஆசையா இருக்கு.”

ஆர்டித் தன் பக்கத்தைப் பிடித்தபடியே நின்றாள். பாரமே இல்லை. கடைசியில் லவோன், “விட்டுடு” என்றாள். ஆர்டித் விட்டாள். பெட்டி இறங்கவில்லை. ஆர்டித் விட்ட முனை, விட்ட உயரத்திலேயே, தரைக்கு ஒரு முழம் மேலே, அடியில் ஒன்றும் இல்லாமல் நின்றது. துடைத்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாதிரியாரின் தங்கை எட்டிப் பார்த்தாள். “இனிமே இதுமேல காபி வைக்க முடியாது” என்றாள். வாஸ்தவம்தான். காபிக்கு வேறு மேசை வாங்கினார்கள்.

ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சாய்ந்து நிற்கும் பெட்டியின் சரிவில் பொம்மைக் கார் ஓட்டுகிறார்கள். கட்சிக்காரர்கள் யாரும் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. வியாழக்கிழமைதோறும் ஆர்டித் வந்து, உயர்ந்திருக்கும் முனைக்கு அடியில் துடைப்பத்தை விட்டுப் பெருக்குகிறாள். நவம்பரில், தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும், ஒருநாள் மாலை கான்சஸிலிருந்து தொலைபேசி வரும்.

“பாத்தியா?” என்பாள் லவோன்.

“காலையிலதான் பாத்தேன்.”

“என் பக்கம் கொஞ்சமாவது எழும்பியிருக்கா?”

“இல்ல, லவோன்.”

“நல்லாப் பாத்தியா? ஒரு காகிதம் நுழையிற அளவுக்குக்கூட?”

“குனிஞ்சு பாத்தேன்டி. இல்ல.”

பிறகு லவோன், லிடோவில் பனி விழ ஆரம்பித்துவிட்டதா என்று கேட்பாள். ஆர்டித் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்து, இருப்பதை இருக்கிறபடி சொல்வாள்.