தரிசு என்று எழுதப்பட்ட நிலம்

சூரிய மின்நிலையம் வரப்போகிறது என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஆட்டுக்காரியும் அவள் நாத்தனாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டுக்காரியின் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, அறுபது ஆடுகளை வைத்துக்கொண்டு இருவருமாகக் காலம் தள்ளுகிறார்கள்.

அதிகாரி அறிக்கையை வாசித்தார். "எண்ணூறு ஏக்கர். தரிசு. மேய்ச்சல் கிடையாது. ஆள் நடமாட்டம் இல்லை."

"அப்போ நாம ரெண்டு பேரும் என்ன பேயா அண்ணி?" என்றாள் நாத்தனார். பக்கத்து பெஞ்சு சிரித்தது.

ஆட்டுக்காரிக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"ஐயா, எந்நேரத்துல வந்து பாத்தீங்க?"

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "ரெண்டு நாள். மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும்."

"அந்த வெயில்ல எந்த ஆடு மேயும்? ஓடைக்கரை நிழல்ல படுத்துக் கிடக்கும், நாங்களும் அங்கதான் கிடப்போம். காலையில ஆறு மணிக்கு வாங்க. நல்ல செருப்பா போட்டுட்டு வாங்க."

அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். ஆனால் வருவார் என்று ஒருவரும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போது ஜீப் வந்து நின்றது. அவளுடைய மந்தைக்குப் பின்னால் அவர் ஆறு மணி நேரம் நடந்தார். வழியில் இன்னும் ஏழு மந்தைகளைப் பார்த்தார். எந்தப் புல் மழைக்குப் பிறகு முளைக்கும், குட்டி போட்ட ஆட்டுக்கு எந்தச் செடியின் காய் பால் சுரக்க வைக்கும் என்று அவள் காட்டக் காட்ட எழுதிக்கொண்டே வந்தார். உச்சிவேளையில் ஓடைக்கரையில் கால் வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்துப் புது வரைபடம் வந்தது. ஓடையும் ஐந்நூறு ஏக்கரும் மேய்ச்சலுக்கு என்று விட்டிருந்தார்கள். ஆடுகள் தினமும் மேயும் வடக்குச் சரிவு மின்நிலையத்துக்குப் போய்விட்டது.

"முழுசையும் கேட்டிருக்கலாமே அண்ணி," என்று நாத்தனார் முறைத்தாள்.

"கேட்டேனே. இவ்வளவுதான் கெடைச்சுது. சரிவு போனதுக்கு எனக்கு மட்டும் வலிக்கலையா?"

வேலி போட்ட மறுநாள் காலை, ஆடுகள் பழக்கதோஷத்தில் வடக்கே போய்க் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டுக்காரி அவற்றை அதட்டவில்லை. கொஞ்ச நேரம் தானும் கூடவே நின்றுவிட்டு, பிறகு குரல் கொடுத்து ஓடைப் பக்கம் திருப்பினாள்.