வாயில் வைக்காத பேர்

1952ஆம் வருஷம் ஆனி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கு மேலே இருக்கும் கல்லுத்தோட்டத்தில், சோலைமலைக் கங்காணி ராசம்மாவின் பேரில் பாதியை மறந்துபோனார். அதனால் அன்று சாயங்காலம்வரை ராசம்மாவில் பாதி யாருக்கும் தென்படவில்லை. விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டதும் ஆட்கள் களத்தில் வந்து நிற்பார்கள், கங்காணி பேர் கூப்பிடுவார், கணக்கப்பிள்ளை பொன்னையா குறித்துக்கொள்வார். பெரட்டு என்பது அவ்வளவுதான். அன்று கங்காணி "ராச..." என்று ஆரம்பித்து, மீதி வராமல் வாயைத் திறந்தபடி நின்றார். பொன்னையாவும் "ராச" என்றே எழுதினார். இடுப்புக்குக் கீழே ராசம்மா இல்லாமல் போனாள். தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு எப்படியும் இடுப்புக்கு மேலேதான் தெரியும் என்பதால், மத்தியானம் கொழுந்து நிறுக்கும்வரை யாரும் இதைக் கவனிக்கவில்லை. ராசம்மாவுக்கே தெரியாது. அட்டை கடிக்கவில்லையே என்று ஒரு சந்தோஷம் மட்டும் இருந்ததாம்.

தோட்டத்தில் பேர் என்றால் பேர் மட்டுமல்ல, ஒரு நாள் கூலிக்கும் அதுதான் சொல். முழு வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். பொன்னையா சட்டம் பேசுகிற மனிதர். "பாதி ஆளுக்கு எப்புடிம்மா முழுப்பேர் போடுறது? நாளைக்கு தொர கேட்டா நான் என்னா சொல்றது?" என்றார். "கொழுந்து முழுசாத்தானேய்யா இருக்கு? கையி ரெண்டும் மேலதானே இருக்கு!" என்று ராசம்மா கத்தியதெல்லாம் எடுபடவில்லை. அந்தி நேரத்தில் அவள் கங்காணியின் லயத்து வீட்டுக்கே போய், "ம்மா! ம்மா! ராசம்மா!" என்று அவர் காதில் விழும்படி சொன்ன பிறகுதான் கால்கள் வந்து சேர்ந்தன. அரைப்பேர் போட்டது போட்டதுதான்.

கங்காணிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மறதிக்கான வயதே இல்லை. தோட்டத்து டாக்டரய்யா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, காய்ச்சலுக்குக் கொடுக்கும் அதே மருந்துத் தண்ணியைக் கொடுத்தனுப்பினார். கங்காணியின் பெண்சாதி பேச்சியம்மாவுக்கு மட்டும் விஷயம் முன்பே தெரியும். குடித்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை என்பார். உச்சிவெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக்குப் புறப்படுவார். லயத்து வரிசையில் பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பிராக்கள், பன்னிரண்டு கதவும் ஒன்றே போல இருக்கும், யார் வீட்டிலாவது நுழைந்து உட்கார்ந்து, "இந்தா புள்ள, ரொட்டி சுட்டாச்சா?" என்பார். அந்த வீட்டுக்காரிகளும் சுட்டுத்தான் போட்டார்கள், பாவம். பேச்சியம்மா தன் கதவில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவைத்தாள். நாலு நாள் நன்றாக நடந்தது. அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்த மற்றப் பெண்களும் ஆளுக்கொரு மஞ்சள் துணி கட்டினார்கள். ஒரே வாரத்தில் பன்னிரண்டு கதவும் மறுபடி ஒன்றாகிவிட்டன.

வேறு தோட்டமாக இருந்தால் இந்த மாதிரி ஆளைச் சீட்டுக் கிழித்து அனுப்பியிருப்பார்கள். கல்லுத்தோட்டத்துத் துரை அனுப்பவில்லை. கங்காணி பாதிப் பேர் மறக்க மறக்க, கொழுந்து முழுசாக வந்தது, கூலி பாதியாகப் போனது. இப்படி ஒரு கங்காணியைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று துரை பொன்னையாவிடம் சொல்லியிருக்கிறார். ஆட்கள் பாதி தெரிவது, தெரியாமல் போவது எல்லாம் யாருக்கும் பெரிய அதிசயமாகவும் படவில்லை. தோட்டத்து ஜனங்களின் பேர்கள் ஓட்டுப் போடுகிறவர்களின் இடாப்புப் புத்தகத்திலிருந்து மொத்தமாகக் காணாமல் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு இது எவ்வளவோ தேவலை, இங்கே பாதியாவது மிஞ்சுகிறது என்று சொன்னவர்களும் உண்டு.

கடைசியில் பெண்கள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முழுப்பேர் இல்லாமல் மலை ஏறமாட்டோம் என்றார்கள். அப்போதுதான் பேச்சியம்மா ஒரு வழி சொன்னாள். பெரட்டில் தானே புருஷன் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பேராக அவர் காதில் சொல்வது. அவர் உரக்கக் கூப்பிடுவது. மறுநாளே ஆரம்பித்தாள். ராசம்மா, மீனம்மா, நாகலெட்சுமி என்று எல்லாரும் தலை முதல் கால்வரை முழுசாக வேலைக்குப் போனார்கள். அவள் பேரை அவள் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவளைக் கங்காணி பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. வீட்டில் "இந்தா புள்ள", பெரட்டில் "நம்ம வூட்டு ஆளு". பேரைப் பிடித்துவைக்காத மனிதர் பேரை விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? பேச்சியம்மாவில் ஒரு விரல்கூடக் குறையவில்லை.

ஆறு வருஷம் இப்படியே ஓடிற்று. 1958இல் பெரும் காற்றோடு மழை பிடித்த ஒரு நாள், எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடித்த பிறகு, வழக்கம்போலப் பொன்னையா, "கங்காணி பேரு?" என்று கேட்டார். கங்காணி யோசித்தார். பேச்சியம்மாவின் பக்கம் திரும்பினார். அவள் எல்லார் பேரையும் சொல்வாள், அந்த ஒரு பேரை மட்டும் எப்படிச் சொல்வாள்? புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தானே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் விழித்துக்கொண்டு நிற்கும்போதே கங்காணி கால், இடுப்பு, தலைப்பாகை என்று வரிசையாகக் காணாமல் போனார். முழுப் பேரும் போனதால் இன்னொன்றும் நடந்தது. அந்தப் பேரைச் சொல்லிப் பழகிய வாய்களிலிருந்தெல்லாம் அது கழன்றுவிட்டது. இருபது வருஷமாக எழுதிவந்த பொன்னையாவுக்கே நாக்கு வழுக்கிற்று. பேச்சியம்மா ஒருத்திதான் அதை ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. வாயில் வைக்காத பேர் வாயிலிருந்து எப்படிப் போகும்? அது அவளிடம் பத்திரமாக இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை.

அவள் ஜாடை சொன்னாள். "அதாங்கய்யா, மதுரப் பக்கம் முருகன் குடியிருக்கிற மலை இருக்குல்ல..." பொன்னையா, "பழனிமலை!" என்றார். உடனே கங்காணி தெரிந்தார், மொட்டைத் தலையோடு, நெற்றி நிறைய விபூதியோடு. அன்று முழுக்க அந்த மொட்டைத்தலை அவள் அடுப்படியில் உட்கார்ந்து பஞ்சாமிர்தம் கேட்டது. மறுநாள் பேர் கலைந்து ஆள் மறைந்ததும் பொன்னையா, "அப்ப திருச்செந்தூரா?" என்றார். கங்காணி ஈரவேட்டி சொட்டச்சொட்ட, கால் நிறையக் கடற்கரை மணலோடு வந்து நின்றார். அதற்கடுத்த நாள் சுவாமிமலை. அன்றைக்கு வந்தவர் பொன்னையாவை மண்டியிடச் சொல்லி, காதுக்குள் ஏதோ உபதேசம் பண்ணினார். பொன்னையா அத்தோடு கைகழுவிவிட்டார். வந்த மூன்று பேருமே நல்ல மனிதர்கள்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் ஒருவர்கூடப் பேச்சியம்மாவை "இந்தா புள்ள" என்று கூப்பிடவில்லை. மூவருமே "அம்மணி" என்றார்கள். அவளுக்கு வீட்டுக்குள் அந்நிய ஆம்பளையை வைத்திருப்பது போலக் கூச்சமாக இருந்தது.

பிறகு கங்காணி ஒரேயடியாகத் தெரியாமலே இருந்தார். வைத்த ரொட்டி தீர்ந்தது, தேத்தண்ணிக் கோப்பை காலியானது, ஆகையால் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டாள். வழி மறந்த மனிதர் கண்ணுக்கும் தெரியாவிட்டால் யார் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்? அதுதான் அவளைத் தின்றது. ஒரு மத்தியானம் ரொட்டி அப்படியே கிடந்தது. பேச்சியம்மாவும் ராசம்மாவும் தேடிக்கொண்டு இறங்கினார்கள். ரயில் பாதையில், சுரங்கத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், அவருடைய கம்பளி மட்டும் தண்டவாளத்தின் நடுவே கிடந்தது. யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. சுரங்கத்துக்குள்ளிருந்து ரயில் கூவிற்று.

"ஏய் சோலைமலை!" என்று பேச்சியம்மா அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

தண்டவாளத்தின் நடுவே குந்தியிருந்த கங்காணி தெரிந்தார். எழுந்து, கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாவகாசமாக ஒதுங்கினார். ரயில் போயிற்று. ராசம்மா வாயில் வைத்த கையை எடுக்கவில்லை. ரயில் வந்ததற்காக அல்ல.

"என்னா புள்ள, பேர் சொல்லிக் கூப்பிடுற? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று கங்காணி எரிந்து விழுந்தார். அத்தனை பெரிய சந்தோஷத்தைப் பேச்சியம்மா கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை. நடுப்பாதையில் நின்று ஓவென்று அழுதாள்.

அந்தப் பேரை மற்றவர்களும் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள், நாக்கில் நிற்கவில்லை. ராத்திரி தூங்கி எழுந்தால் கங்காணிக்கும் மறந்துவிடும், ஆள் மறைந்துவிடுவார். ஆகவே தினமும் பேச்சியம்மாதான் கூப்பிட வேண்டியிருந்தது. தடவைக்கு ஒரு நாள் ஆயுசு குறையும் என்று கோயில் பூசாரி சொல்லிவிட்டார். கொட்டகலை பஜாரில் கடை வைத்திருந்த மீராசாஹிபிடம் அவள் இதைச் சொல்லிப் புலம்பியபோது, அவர் சீனியைச் சுருட்டிக் கட்டியபடியே, "எல்லாருக்கும் ஒரு நாளைக்கு ஒரு நாள்தாம்மா கொறையுது. ஒனக்கு மட்டும் என்ன நட்டம்?" என்றார். அவளுக்கு அது சரியாகவே பட்டது. மறுநாளிலிருந்து கூச்சமில்லாமல் கூப்பிட்டாள். முதலில் லயத்துப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், பிறகு அந்தச் சத்தத்துக்கு அடுப்பு மூட்டப் பழகிக்கொண்டார்கள்.

இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து தோட்டத்து ஜனங்களை உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பங்குபோட்ட 1964ஆம் வருஷக் கடைசியில், ஒரு காலை அவள் வழக்கம்போல, "சோலைமலை!" என்றாள். அடுப்புப் பக்கத்தில் கங்காணி தெரிந்தார். சட்டென்று எழுந்து, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நீங்க எனக்கு அக்காங்களா?" என்று கேட்டார்.

பேச்சியம்மாவுக்குப் புரியவில்லை. "ஏன் அப்புடிக் கேக்குறீங்க?"

"பேர் சொல்லிக் கூப்பிடுறீங்களே. ஆத்தான்னா வயசு பத்தாது. அப்ப அக்காதான்." தன் கணக்கு சரியாக வந்ததில் அவருக்கு ஏக திருப்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் பொஞ்சாதியக் காணோம்ங்க. நீங்க பாத்தீங்களா? அவ செத்தாலும் எம் பேர வாயில வைக்க மாட்டா. அம்புட்டு மரியாதக்காரி. வந்தா, தேடிக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க" என்றார்.

நான்தான் அது என்று சொல்லப் பேச்சியம்மா வாயெடுத்தாள். சொன்னால் நம்பமாட்டார், பேர் சொல்கிற பெண்சாதி எங்கே இருக்கிறாள்? அவர் நம்ப வேண்டுமென்றால் நாளையிலிருந்து கூப்பிடாமல் இருக்க வேண்டும். கூப்பிடாவிட்டால் ஆள் தெரியமாட்டார். வெளியே பெரட்டுக்குத் தப்பு அடித்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்தா சொல்றேன், தம்பி" என்றாள்.

மறுநாளும் கூப்பிட்டாள். கங்காணி, "இந்தா வந்துட்டேங்க்கா" என்று எழுந்து வந்தார். களத்தில் பொன்னையா இருவருக்கும் முழுப்பேர் போட்டார்.